பேரனும் பனித்தள ஹாக்கியும்

கே: டிசம்பர் 26 வந்தால் பேரன் டிவியை விடுவதில்லை. ஜூனியர் ஐஸ் ஹாக்கியில் அப்படி என்ன இருக்கிறது?
– ஒரு பாட்டி, ஸ்கார்பரோ

ப: அது உலக ஜூனியர் ஹாக்கிப் போட்டி: இருபது வயதுக்குட்பட்ட பையன்கள், பத்து நாடுகள். சம்பள ஆட்டத்தில் இந்தப் பதைப்பு எனக்குக் கிடைத்ததில்லை. கொரோனாவால் ஆகஸ்டுக்குத் தள்ளிப்போன 2022 போட்டியின் இறுதி ஆட்டம், எட்மன்டனில். 2-2. கூடுதல் நேரத்தில் பக்கத்துக்கு மூன்று பேர்தான். பின்லாந்து அடித்த பக் (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு), கோல்கீப்பரைத் தாண்டிக் கோட்டுக்குமேல் விழப்போகிறது; கனடா கேப்டன் மெக்டாவிஷ் அந்தரத்திலேயே மட்டையால் தட்டிவிட்டார்! சற்று நேரத்தில் கென்ட் ஜான்சன் கோல் போட, தங்கம் கனடாவுக்கு. நான் சோபாமேல் ஏறி நின்றேன் (வயது கேட்காதீர்கள்).

பக் கண்ணில் படாவிட்டால் ஆட்டக்காரர்களின் தலை திரும்பும் பக்கம் பாருங்கள். சந்தேகமெல்லாம் விளம்பர இடைவேளையில் மட்டும் கேளுங்கள்.