ஹைப்ரிட் எஞ்சின் ட்யூனிங்கும் புகையும்: கேள்வி பதில்

கேள்வி: சார், என்னிடம் ஹைப்ரிட் கார் இருக்கிறது. இசியு ரீமேப் செய்தால், அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியின் புரோகிராமை மாற்றினால், மைலேஜ் கூடும், புகை குறையும், பிக்கப்பும் ஏறும் என்று ஒரு ட்யூனர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். ஹைப்ரிடில் உங்கள் காலுக்கும் எஞ்சினுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. நீங்கள் மிதித்த அளவைப் பார்த்து, மோட்டார் எவ்வளவு தர வேண்டும், எஞ்சின் எவ்வளவு தர வேண்டும் என்று பிரிப்பது ஹைப்ரிட் கன்ட்ரோல் யூனிட். "இவ்வளவு டார்க் (சுழற்றும் விசை) கொடு" என்று அது கேட்கும். எஞ்சினின் இசியு கொடுத்துவிட்டு, கொடுத்த அளவையும் சொல்லும். ரீமேப் ஆனபின் கொடுப்பது ஒன்று, சொல்வது வேறொன்று என்றாகிவிடும். சார்ஜ் கணக்கு பிசகும், எஞ்சின் வேண்டாத நேரத்தில் ஓடும். புகைக் கட்டுப்பாட்டு அமைப்பில் கை வைப்பது பல நாடுகளில் குற்றமும்கூட. மூன்று நன்மையையும் ஒரே மூச்சில் சொல்கிறவரிடம், ரீமேப்புக்கு முன்னும் பின்னும் எடுத்த எமிஷன் ரீடிங்கைக் காட்டச் சொல்லுங்கள். பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

கேள்வி: பெட்ரோலைக் குறைத்து, காற்றைக் கொஞ்சம் கூட்டினால் சுத்தமாக எரியாதா? இதில் என்ன தவறு?

பதில்: எரியும். மாட்டிக்கொள்வது கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், எக்ஸாஸ்ட் குழாயில் நச்சு வாயுக்களை மாற்றும் டப்பா. கார்பன் மோனாக்சைடும் எரியாத ஹைட்ரோகார்பனும் நல்ல வாயுவாக மாற ஆக்சிஜன் வேண்டும். நைட்ரஜன் ஆக்சைடுக்கு நேர் எதிர், அதிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்க வேண்டும். இரண்டும் ஒரே டப்பாவுக்குள் நடக்க வேண்டுமென்றால், 1 பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று என்ற அளவை ஒட்டியே எஞ்சின் ஓட வேண்டும். இதைத்தான் லாம்டா 1 என்பார்கள். காற்றைக் கூட்டினால் முதல் இரண்டும் சுத்தமாகும், நைட்ரஜன் ஆக்சைடு அப்படியே வெளியே போகும். அது கண்ணுக்கும் தெரியாது. "சைலன்சரில் புகையே வரவில்லை" என்று திருப்திப்படுவதில் அர்த்தமில்லை.

கேள்வி: ஹைப்ரிடில் எஞ்சின் பாதி நேரம் அணைந்துதானே இருக்கிறது? புகை தானாகவே குறைந்துவிடுமே, அதற்கு மேல் ட்யூன் செய்ய என்ன இருக்கிறது?

பதில்: இந்தத் துறையில் மண்டையை உடைத்துக்கொள்கிற இடமே இதுதான். பெட்ரோல் குறைந்தால் கார்பன் டை ஆக்சைடு குறையும், சந்தேகமில்லை. நச்சு வாயுக்களின் கணக்கு வேறு. கன்வெர்ட்டர் 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடேறிய பிறகுதான் ஒழுங்காக வேலை செய்யத் தொடங்கும். ஒரு பயணத்தில் வெளியாகும் ஹைட்ரோகார்பனில் பெரும்பகுதி அதற்கு முந்தைய சில பத்து விநாடிகளில் வருவதுதான். எஞ்சின் நீண்ட நேரம் அணைந்திருந்தால் அந்தச் சூடு இறங்கிவிடும்.

அதனால் முதல் ஸ்டார்ட்டில் எஞ்சினுக்கு அதிக வேலை கொடுப்பதில்லை. வண்டியை மோட்டார் இழுக்கும். எஞ்சின் குறைந்த லோடில் சீராக ஓடும்; பிளக் பொறியையும் வேண்டுமென்றே தாமதிப்பார்கள். எரிதல் பின்னால் தள்ளிப்போய், வெப்பம் பிஸ்டனைத் தள்ளுவதற்குப் பதிலாக எக்ஸாஸ்ட்டுக்குப் போகும். காலையில் வண்டியை எடுக்கும்போது, நின்ற இடத்திலேயே எஞ்சின் ஒரே ஸ்தாயியில் உறுமுகிறதே, அதற்குக் காரணம் இதுதான். பெட்ரோல் வீணாகிறது என்று பதற வேண்டாம்.

அடுத்தது, வழியில் அணைந்து அணைந்து ஸ்டார்ட் ஆவது. பெட்ரோல் இல்லாமல் எஞ்சின் சுழலும் அந்தச் சில சுற்றுகளில் வெறும் காற்று கன்வெர்ட்டருக்குள் போகிறது. அதில் பூசியிருக்கும் சீரியம் ஆக்சைடு ஆக்சிஜனை உறிஞ்சி நிரம்பிவிடும். அப்புறம் நைட்ரஜன் ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்க அங்கே இடம் இருக்காது. ஆகவே மறு ஸ்டார்ட்டில் ஒரு சிட்டிகை பெட்ரோலைக் கூடுதலாகக் கொடுத்து, அந்த ஆக்சிஜனைக் காலி செய்வார்கள். கொஞ்சம் குறைந்தால் நைட்ரஜன் ஆக்சைடு எகிறும், கொஞ்சம் கூடினால் கார்பன் மோனாக்சைடு எகிறும். எவ்வளவு, எத்தனை விநாடி என்பதைக் கன்வெர்ட்டரின் சூடு, வயது எல்லாம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். லேப்டாப்பைச் செருகி ஒரு மதியத்தில் செய்கிற வேலையா இது?

சூட்டைக் காப்பாற்ற என்னவெல்லாம் செய்திருக்கிறார்கள் தெரியுமா? வட அமெரிக்காவில் விற்ற இரண்டாம் தலைமுறை டொயோட்டா பிரியஸில், சூடான கூலன்ட்டை அடுத்த ஸ்டார்ட்டுக்காகச் சேமித்து வைக்க ஒரு தெர்மாஸ் ஃபிளாஸ்க்கே இருந்தது!

கேள்வி: அட்கின்சன் சைக்கிள் புகைக்கும் உதவுமா?

பதில்: இன்டேக் வால்வைத் தாமதமாக மூடி, குறைவாக அழுத்தி நிறைய விரிய விடுவதுதான் அது. 1997-இல் வந்த முதல் பிரியஸிலிருந்து இருக்கிறது. குறைந்த ஆர்பிஎம்மில் இழுவை போதாது. அந்தக் குறையை மோட்டார் நிரப்பிவிடும். எரிபொருள் மிச்சமாவதால் கார்பன் டை ஆக்சைடு குறையும். நைட்ரஜன் ஆக்சைடைக் குறைப்பது பெரும்பாலும் குளிர்வித்த ஈஜிஆரின் வேலை, எரிந்த வாயுவைத் திரும்பக் கலந்து சுடரின் வெப்பத்தை இறக்கும். ஒரு சிக்கல் உண்டு. விரியும்போதே வெப்பத்தைக் கறந்துவிடுவதால் எக்ஸாஸ்ட் சூடு குறைந்து, கன்வெர்ட்டர் தயாராகக் கூடுதல் நேரம் பிடிக்கும்.

கேள்வி: 1,60,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி. காலை ஸ்டார்ட்டில் மட்டும் குலுங்குகிறது, மைலேஜும் குறைந்துவிட்டது. எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் கூலன்ட் அளவு. கசிவு வெளியே தெரியாமல் அளவு மட்டும் இறங்கினால், ஹெட் கேஸ்கெட் வழியாக இரவில் சிலிண்டருக்குள் இறங்குகிறதோ என்று சந்தேகப்படுங்கள். அடுத்தது ஈஜிஆர் கூலரும் வால்வும். இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றினால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் சிறு ஈஜிஆர் துளை தெரியும். சில துளைகள் கரியில் அடைத்திருந்தால், திறந்திருக்கும் சிலிண்டருக்கு எரிந்த வாயு அளவுக்கு மேல் போய் மிஸ்ஃபயர் ஆகும், அதாவது பெட்ரோல் சரியாக எரியாது. இதைத் தள்ளிப்போடாதீர்கள். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்தால் உள்ளே இருக்கும் தேன்கூட்டு அமைப்பே உருகிவிடும்.

ஸ்கேனர் இருந்தால் லாங் டேர்ம் ஃப்யூயல் ட்ரிம்மை, அதாவது இசியு பெட்ரோல் அளவில் நிரந்தரமாகச் செய்துவரும் திருத்தத்தைப் பாருங்கள். கூட்டல் 10 சதவீதத்தைத் தாண்டினால் காற்றுக் கசிவு, அழுக்கான காற்றளவு சென்சர், குறைந்த பெட்ரோல் அழுத்தம் என்று வரிசையாகத் தேடலாம். கூலன்ட் வெப்பத்தையும் கவனியுங்கள். தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டால் எஞ்சின் சூடேறாது. சூடேறாத எஞ்சின் சிக்னலில் அணையாது.

கேள்வி: என்னுடையது ப்ளக்-இன், வெளியே செருகி சார்ஜ் போடும் ஹைப்ரிட். எஞ்சின் ஓடுவதே அபூர்வம். எனக்கு இதெல்லாம் தேவையா?

பதில்: தினமும் சார்ஜ் போடுகிறீர்கள் என்றால் நிம்மதியாக இருங்கள். போடாதவர்கள் நிறைய. ஐரோப்பிய ஆணையம் 2024-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, ப்ளக்-இன் கார்கள் சாலையில் வெளியிட்ட கார்பன் டை ஆக்சைடு, சோதனைக்கூட அளவைப்போல் சராசரியாக 3.5 மடங்கு.

இன்னொன்று, பேட்டரியில் போய்க்கொண்டே நெடுஞ்சாலையில் ஏறி ஓவர்டேக்குக்கு அழுத்தி மிதித்தால், ஆறிப்போன எஞ்சின் எடுத்த எடுப்பிலேயே முழு லோடில் விழித்துக்கொள்ளும். கன்வெர்ட்டரும் ஆறியிருக்கும், இதைவிட மோசமான ஸ்டார்ட் கிடையாது. எஞ்சினை ஓட விடும் மோடு இருந்தால் சில நிமிடம் முன்பே போட்டு, மிதமாகச் சூடேற்றுங்கள்.

கேள்வி: எந்த ஆயில் நல்லது?

பதில்: மேனுவலில் போட்டிருக்கும் கிரேடு. 0டபிள்யூ-16 என்று இருந்தால் அதேதான். கெட்டியான ஆயில் கூடுதல் பாதுகாப்பு என்று மாற்றாதீர்கள்.

கேள்வி: கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லும் பி0420 கோடு வருகிறது. விலை குறைந்த கன்வெர்ட்டர் மாட்டலாமா?

பதில்: முதலில் எக்ஸாஸ்ட் கசிவையும் பின்பக்க ஆக்சிஜன் சென்சரையும் சோதியுங்கள். நல்ல கன்வெர்ட்டரைத் தூக்கிப் போட்டவர்கள் பலர். உண்மையிலேயே போய்விட்டது என்றால், மலிவானவற்றில் பல்லேடியமும் ரோடியமும் குறைவாக இருக்கும். சில மாதத்தில் அதே கோடு திரும்பி வர வாய்ப்பு அதிகம். உங்கள் மாடலுக்கென்று சான்று பெற்றதையே வாங்குங்கள். பழையது எதனால் செத்தது என்று கண்டுபிடிக்காமல் புதியதை மாட்டவும் வேண்டாம்.