அம்மாவை எங்கே வைத்துப் பார்ப்பது?

கேள்வி: என் அம்மாவுக்கு 78 வயது. அப்பா போன பிறகு மன்னார்குடி வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார். சர்க்கரை, பிரஷர் இரண்டுக்கும் பல வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார், ஆஸ்பிரினும் உண்டு. ஒன்றரை மாதம் முன்பு பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். எலும்பு எதுவும் முறியவில்லை என்று விட்டுவிட்டோம். அதற்குப் பிறகு பேச்சில் குழப்பம், ராத்திரி தூக்கமில்லை, அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துவிடுகிறார். அண்ணன் முதியோர் இல்லம் பார்க்கலாம் என்கிறார். தம்பி, மூன்று பேர் வீட்டிலும் நான்கு நான்கு மாதம் வைத்துக்கொள்ளலாம் என்கிறான். அம்மாவோ இந்த வீட்டை விட்டு எங்கும் வரமாட்டேன் என்கிறார். நான் சென்னையில் வேலைக்குப் போகிறேன். எது சரி?
- வாசகி, சென்னை

மருத்துவர் பதில்: குழப்பம், விழுந்த பிறகுதான் ஆரம்பித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த வரிதான். எங்கே வைத்துப் பார்ப்பது என்ற பேச்சை அப்படியே நிறுத்திவிட்டு, நாளைக்கே தஞ்சாவூர் அழைத்துப்போய்த் தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுங்கள். வயதானவர்கள் விழும்போது மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவே ஒரு சிறு ரத்தக்குழாய் கிழிந்து, வாரக்கணக்கில் மெதுவாகக் கசிவது உண்டு. ஆஸ்பிரின் சாப்பிடுபவர்களுக்கு அந்த வாய்ப்பு கூடுதல். தலையில் அடிபட்ட மாதிரியே தெரியாது. ஒரு மாதம் கழித்துக் குழப்பமாக வெளியே வரும். கண்டுபிடித்தால் சிகிச்சை இருக்கிறது.

ஸ்கேன் நன்றாக இருந்தாலும் வேலை முடியவில்லை. ரத்தத்தில் சோடியம் பாருங்கள். பிரஷருக்குக் கொடுக்கும் சில நீர் மாத்திரைகள் அதைக் குறைத்துவிடும். சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் சாப்பிட்டால் பி12 வைட்டமின் குறையலாம். தைராய்டும் பார்க்க வேண்டும். சிறுநீர்த் தொற்று முதியவர்களுக்கு எப்போதும் காய்ச்சலோடும் எரிச்சலோடும் வராது. சில சமயம் உளறல் மட்டுமே அதன் அடையாளம். ராத்திரி சர்க்கரை இறங்குகிறதா என்பதையும் விடாதீர்கள். அப்புறம், வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் காட்டுங்கள், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய சளி மாத்திரை, தூக்க மாத்திரை உட்பட. இந்த இரண்டுமே வயதானவர்களின் மூளையைக் குழப்பும். சரிசெய்யக்கூடிய ஒரு கோளாறை மறதி நோய் என்று குடும்பமே முடிவுகட்டி, அதை வைத்து வீட்டைக் காலி செய்வதை நான் நிறையப் பார்க்கிறேன்.

சரி, இதெல்லாம் பார்த்துச் சிகிச்சையும் கொடுத்து, சில வாரம் போகட்டும். அதன் பிறகு அம்மாவால் தானாக எதைச் செய்ய முடிகிறது என்று கூடவே இருந்து பாருங்கள். போனில் விசாரித்தால் 'நல்லாத்தான் இருக்கேன்' என்றுதான் பதில் வரும். குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போய்வருவது, கட்டிலிலிருந்து எழுந்திருப்பது, சாப்பிடுவது, சிறுநீரை அடக்குவது ஆகியவை ஒரு பக்கம். மாத்திரையை நேரத்துக்குப் போடுவது, சமைப்பது, பணம் எண்ணிக் கொடுப்பது, போன் பேசுவது இன்னொரு பக்கம். இரண்டாவது வகை மட்டும் தடுமாறினால், பகலில் ஒரு ஆள் வந்துபோனாலே பெரும்பாலும் சமாளிக்கலாம். முதல் வகையும் போய்விட்டதென்றால் ராத்திரியும் யாராவது வேண்டும். எங்கே இருப்பது என்பதைத் தீர்மானிக்க வேண்டியது இந்தக் கணக்குதான். அண்ணனின் கருத்தோ தம்பியின் கருத்தோ அல்ல.

நடையையும் சோதியுங்கள். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள். 12 வினாடிக்கு மேல் ஆனால் மறுபடி விழும் ஆபத்து இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். படுத்திருக்கும்போது ஒரு தடவையும் எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் ஒரு தடவையும் பிரஷர் பார்க்க வேண்டும். மேல் அளவு 20 இறங்கினால் மாத்திரையை மாற்ற வேண்டி வரலாம்.

தம்பி சொல்லும் முறை அன்பினால் சொல்வது, புரிகிறது. ஆனால் ஞாபகம் தடுமாறும் ஒருவருக்கு அது சரிப்படாது. ராத்திரி எழுந்தால் பாத்ரூம் எந்தப் பக்கம் என்று பழகுவதற்குள் அடுத்த வீடு வந்துவிடும். டாக்டரும் மாறுவார். பிள்ளைகள் மூவரும் செலவையும் பொறுப்பையும் சுழற்சியில் பிரித்துக்கொள்ளுங்கள். அம்மா ஒரே இடத்தில் இருக்கட்டும்.

மன்னார்குடியிலேயே இருக்க முடியும் என்று தெரிந்தால், செலவு செய்ய வேண்டிய முதல் இடம் பாத்ரூம். சுவரில் கைப்பிடி, வழுக்காத தரை, உட்காரும் கழிப்பறை, ராத்திரி முழுக்க எரியும் ஒரு சிறு விளக்கு. கேஸ் அடுப்பை எடுத்துவிட்டு, தானாக அணையும் இண்டக்‌ஷன் வைக்கலாம். அது பழகவில்லை என்றால் சமையலுக்கு ஆள். ஏஜென்சி மூலம் ஆள் போட்டால் அடையாளச் சான்றைச் சரிபாருங்கள். அவர் லீவு போடும் நாளில் யார் வருவார் என்பதை முதலிலேயே கேட்டு வையுங்கள், ஏனென்றால் வீட்டு ஏற்பாடுகள் உடைவது பெரும்பாலும் அந்த நாளில்தான். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். தேவைப்பட்டால் பிசியோதெரபியும் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

இல்லம்தான் என்று முடிவானாலும் அதில் குற்றவுணர்ச்சிக்கு எதுவும் இல்லை. வேலைக்குப் போகும் மகள் ராத்திரியும் கண்விழித்துப் பார்த்தால், கொஞ்ச நாளில் நோயாளி இரண்டாகிவிடும். ஆனால் முதியோர் இல்லம் என்ற பெயரில் பலவகை இருக்கிறது. தானாக நடமாடுபவர்களை மட்டும் சேர்ப்பவை உண்டு. படுக்கையில் விழுந்தால் அழைத்துப்போங்கள் என்பார்கள். அதை முதல் கேள்வியாகக் கேளுங்கள். சொல்லாமல் ஒரு சாயங்காலமோ ஞாயிற்றுக்கிழமையோ போய்ப் பாருங்கள்: ராத்திரி எத்தனை பேருக்கு ஒரு ஆள், நர்ஸ் உண்டா, உடம்பு சரியில்லை என்றால் எந்த ஆஸ்பத்திரி, படுத்திருப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்கிறார்களா? மூக்கே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். உங்கள் மாவட்டத்தில் என்ன இருக்கிறது என்று விசாரிக்க, முதியோர் உதவி எண் 14567 கட்டணமில்லாதது. முழு முதியோர் பரிசோதனைக்குச் சென்னை கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது.

அம்மா 'வரமாட்டேன்' என்கிறாரே, அதைப் பிடிவாதம் என்று தள்ளிவிடாதீர்கள். எதற்குப் பயப்படுகிறார் என்று கேளுங்கள். வீட்டை விற்றுவிடுவார்கள் என்ற பயமாக இருக்கலாம். மருத்துவன் சொல்லக்கூடாத விஷயம்தான், ஆனாலும் சொல்கிறேன்: குழப்பம் தெளியும்வரை எந்தப் பத்திரத்திலும் அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டாம். தெளிந்த பிறகு, சென்னை வீடோ இல்லமோ எதுவானாலும், முதலில் ஒரு மாதம் தங்கிப் பார்க்கட்டும். மன்னார்குடி வீட்டில் கட்டில், சாமி படம், பாத்திரம் எல்லாம் இருந்தபடியே இருக்க வேண்டும். சாவியும் அவர் கையிலேயே இருக்கட்டும்.