கூண்டு ஏறும் முன்னே அடுப்பைப் பாருங்கள்: வாசகர் கேள்வி-பதில்

வாடைக்காற்று தொடங்கிவிட்டால் நம் ராமநாதபுரம் கரையோரத்தில் பேச்செல்லாம் இரண்டே விஷயம்தான். பாம்பனில் எத்தனையாம் நம்பர் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்பது ஒன்று. கரண்ட் போனால் சோற்றுக்கு என்ன வழி என்பது இன்னொன்று. கூண்டைத் துறைமுகத்துக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். சோற்றைப் பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இந்த முறை பதில்.

கேள்வி (தங்கச்சிமடம் வாசகி): கேஸ் விலை ஏறியதிலிருந்து எங்கள் வீட்டில் முக்கால்வாசிச் சமையல் இண்டக்‌ஷன் அடுப்பில்தான். சிலிண்டர் ஒன்றே ஒன்று. 900 விஏ இன்வெர்ட்டரும் 150 ஆம்பியர் பேட்டரியும் இருக்கின்றன. ஆனால் அதில் அடுப்பைப் போட்டால் கத்திவிட்டு நின்றுவிடுகிறது. பெரிய இன்வெர்ட்டரும் இரண்டு பேட்டரியும் வைத்தால் மூன்று நாள் கரண்ட் இல்லாவிட்டாலும் சமைக்கலாம் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்கைச் செலவழித்தாலே உங்கள் கவலை தீர்ந்துவிடும்.

கணக்கைப் பாருங்கள். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் காகிதத்தில் இருப்பது 1.8 யூனிட். இரண்டு என்றால் 3.6. அதுவும் 20 மணி நேரத்தில் மெதுவாக இறக்கினால் கிடைக்கிற கணக்கு. மின்விசிறிக்கும் விளக்குக்கும் அது சரி. 1,500 வாட் அடுப்பு ஒரே மூச்சில் இழுக்கும்போது அதே பேட்டரி அவ்வளவு தராது. அடிவரை வடித்தால் ஆயுளும் குறையும். காலை டீ, இட்லி, மதியச் சோறு, குழம்பு என்று எல்லாவற்றையும் இண்டக்‌ஷனிலேயே செய்தால் ஒரு நாளைக்கு 2 யூனிட் எளிதாகப் போய்விடும். ஆக, விளக்கும் விசிறியும் சேர்ந்தால், கடைக்காரர் சொன்ன மூன்று நாளில் முதல் நாளைத் தாண்டுவதே கஷ்டம். திரும்ப சார்ஜ் ஏற்றக் கரண்டும் இருக்காது.

அடுப்பைக் குறைத்து 400 வாட்டில் வைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். விலை குறைந்த இண்டக்‌ஷன் அடுப்புகளில் பெரும்பாலானவை உண்மையில் 400 வாட்டில் எரிவதில்லை. ஆயிரத்துக்கு மேல் ஒரு இழுப்பு இழுத்து, நின்று, மறுபடி இழுக்கும். உங்கள் இன்வெர்ட்டர் கத்துவது அந்த இழுப்பைத் தாங்காமல்தான்.

இப்போது சிலிண்டரைப் பாருங்கள். ஒரு கிலோ எல்பிஜியில் ஏறக்குறைய 12.8 யூனிட் சூடு. 14.2 கிலோவுக்குச் சுமார் 180 யூனிட். அடுப்பில் மூன்றில் ஒரு பங்கு வீணானாலும் 120 யூனிட் பாத்திரத்துக்கு வந்து சேரும். அதைப் பேட்டரியில் சேர்த்துவைக்க வேண்டுமானால் உங்கள் வீட்டில் ஆள் படுக்க இடம் இருக்காது.

ஆகவே ஏஜென்சிக்குப் போய் இரண்டாவது சிலிண்டருக்கு எழுதிக் கொடுங்கள். 2022 ஜூனில் உயர்த்திய கட்டணப்படி 14.2 கிலோ சிலிண்டருக்கு வைப்புத்தொகை 2,200 ரூபாய். ரீஃபில் விலை தனி. இணைப்பை ஒப்படைக்கும்போது வைப்புத்தொகை திரும்ப வரும். பேட்டரிக்காரர் முப்பதாயிரத்துக்கு மேல் வாங்குவார், நாலைந்து வருடத்தில் பேட்டரியை மாற்றச் சொல்லுவார். அவ்வளவு முடியாதென்றால் 5 கிலோ சிலிண்டர் இருக்கிறது; இந்தியன் ஆயிலில் 'சோட்டு' என்பார்கள். அடையாள அட்டை ஒன்று போதும், முகவரிச் சான்று கேட்க மாட்டார்கள். கிலோ கணக்குப் பார்த்தால் வீட்டு சிலிண்டரைவிடக் கூடுதல்தான், ஆனால் அவசரத்துக்கு வைத்திருக்கும் பொருளில் கிலோ கணக்குப் பார்க்கக்கூடாது. உங்கள் ரெகுலேட்டர் அதில் உட்காருகிறதா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். சீல் உடையாமல் இருக்க வேண்டும். எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் 'ஏ' முதல் 'டி' வரை ஓர் ஆங்கில எழுத்தும் வருடத்தின் கடைசி இரண்டு எண்ணும் இருக்கும். 'ஏ' என்றால் மார்ச், 'பி' ஜூன், 'சி' செப்டம்பர், 'டி' டிசம்பர். அந்த மாதத்துக்குள் அதை மறுசோதனைக்கு அனுப்பியாக வேண்டும். தேதி தாண்டியிருந்தால் திருப்பிக் கொடுங்கள். உப்புக்காற்றில் அடிவளையம் துருப்பிடித்துக் கிடக்கும் சிலிண்டர்கள் நம் ஊரில் சாதாரணம், அதனால் இதில் கண் வையுங்கள். புக்கிங்கைப் புயல் செய்தி வந்த பிறகு செய்யாதீர்கள். டெலிவரிக்கு வருகிறவர் போனுக்கு வந்த எண்ணைக் கேட்பார், டவரும் கரண்டில்தான் ஓடுகிறது.

நீங்கள் ராமேஸ்வரம் தீவில் இருப்பதால் இன்னொன்று. கடல் உள்ளே வரும் தெருவானால் சிலிண்டரைக் கட்டிவையுங்கள். காலி சிலிண்டர் மிதக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். நிறைந்ததும் மிதக்கும்: உள்ளே 33 லிட்டருக்கு மேல் இடம், மொத்த எடையோ 30 கிலோ அளவுதான். வீட்டைவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கோ முகாமுக்கோ போவதானால் ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியைப் போட்டு, ஜன்னல் கம்பியோடு நிற்கிற வாக்கில் கட்டுங்கள்.

கேள்வி (உச்சிப்புளி வாசகர்): மாடியில் சூரிய மின் தகடு போட்டிருக்கிறோம், பேட்டரி இல்லாத வகை. அப்படியானால் பகலில் எங்களுக்கு அடுப்புக் கவலை இல்லைதானே?

பதில்: இருக்கிறது. மின் வாரிய லைனோடு இணைத்த அமைப்பு, லைனில் கரண்ட் போனதும் தானாகவே நின்றுவிடும். கம்பத்தில் வேலை பார்க்கும் லைன்மேன் அடிபடக்கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் இருக்கிற மாவட்டம் நம்முடையது. ஆனாலும் தெருமுனைக் கம்பம் சாய்ந்தால் உச்சிப்புளியில் ஒரு டம்ளர் டீ போட முடியாது. சிலிண்டரை எழுதிவையுங்கள்.

கேள்வி (கீழக்கரை வாசகி): இரண்டாம் மாடி வீடு, உம்மாவும் நானும்தான். சின்னதாக ஏதாவது போதும். ஆன்லைனில் பெட்டி மாதிரி மடக்கும் அடுப்பும், அதற்குள் போடும் கேஸ் டப்பாவும் பார்த்தேன். பாத்திரக்கடையில் இரண்டு கிலோ குட்டி சிலிண்டர் தலையிலேயே பர்னர் வைத்து விற்கிறார்கள், தீர்ந்தால் அவர்களே நிரப்பித் தருகிறார்களாம். எதை வாங்க?

பதில்: பாத்திரக்கடைச் சரக்கைத் தொடாதீர்கள். வீட்டு சிலிண்டரிலிருந்து டியூப் போட்டுக் குட்டி சிலிண்டருக்கு மாற்றுவது சட்டத்துக்கு விரோதம். சட்டத்தை விடுங்கள், எடையும் அழுத்தமும் பார்க்காமல் நிரப்பிய சிலிண்டரின் தலைக்கு மேலேயே தீ எரிகிறது. கீழே பாம், மேலே அடுப்பு. அதில் உம்மா டீ போடுவதை நினைத்தால் எனக்கே உதறுகிறது.

பெட்டி அடுப்பு இருவருக்குப் போதும். ஒரு டப்பாவில் 220 கிராம் அளவு பியூட்டேன் இருக்கும், முழுத் தீயில் வைத்தால் ஒன்றரை மணி நேரம் போல வரும். குக்கரில் சோறும் குழம்பும் ஒரே நாளில் வைத்துக் கொஞ்சம் டீயும் போட்டால் ஒரு டப்பா காலி என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாளைக்கு நான்கு டப்பா. வாங்கும் முன் டப்பா ராமநாதபுரத்திலோ மதுரையிலோ கடையில் கிடைக்கிறதா என்று கேளுங்கள். டப்பா கிடைக்காத அடுப்பு வெறும் தகரப் பெட்டி.

இதில் ஆபத்து எங்கே என்றால், பெரிய பாத்திரத்தில். அகலமான தவாவோ பிரியாணிச் சட்டியோ வைத்தால் சூடு பக்கத்திலிருக்கும் டப்பா மேல் இறங்கும், டப்பா வெடிக்கும். அடுப்பின் தாங்கியைத் தாண்டி நீளாத பாத்திரம் மட்டும். இரண்டு அடுப்பைச் சேர்த்து வைத்து ஒரே சட்டியை ஏற்றவே கூடாது. சமைத்து முடித்ததும் டப்பாவைக் கழற்றிவிடுங்கள். உப்புக்காற்றில் டப்பா விளிம்பு சீக்கிரம் துருப்பிடிக்கும், அதனால் இறுக்கமான பிளாஸ்டிக் வாளியில் மூடி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். துருவேறிய டப்பாவை அடுப்பில் போடாதீர்கள்.

கேள்வி (சாயல்குடி வாசகர்): எங்கள் பக்கம் கரிமூட்டத்துக்குக் குறைவில்லை, கருவேலங்கரி மலிவு. இரும்பு வாளி அடுப்பு ஒன்று வாங்கி, மழை நேரத்தில் வீட்டுக்குள்ளேயே வைத்துச் சமைக்கலாமா? புகையே வராதே.

பதில்: புகை வராததுதான் பிரச்சினையே. விறகு புகைந்தால் கண் எரியும், ஆள் வெளியே ஓடுவான். கனன்ற கரியிலிருந்து வருவது கார்பன் மோனாக்சைடு; நிறமில்லை, வாசனையில்லை. தலைவலிக்கும், தூக்கம் வரும், அப்புறம் எழ மாட்டார்கள். மழைக்குக் கதவையும் ஜன்னலையும் அடைத்துவிட்டு, குளிருக்கும் ஆகட்டும் என்று கரியைப் படுக்கையறையில் வைத்து உயிர் போன செய்தி வருடந்தோறும் எங்கிருந்தாவது வருகிறது. ஒரு ஜன்னல் திறந்திருப்பது போதாது. திண்ணை, தாழ்வாரம், மாட்டுக்கொட்டகை ஓரம் என்று மேலே கூரையும் பக்கத்தில் காற்றும் இருக்கிற இடம் வேண்டும். சமைத்ததும் மண்ணைப் போட்டோ தண்ணீர் தெளித்தோ முழுசாக அணையுங்கள். பாதி அணைந்த கரிதான் மோசம்.

இந்த நிபந்தனைக்கு ஒத்துக்கொண்டால், நம் ஊருக்கு இதைவிட நல்ல மாற்று அடுப்பு இல்லை. தூக்கிக்கொண்டு போகலாம், தண்ணீர் வந்தால் திண்ணைமேல் ஏற்றலாம். தரையில் பூசிய அடுப்புக்கு அந்த வசதி கிடையாது. வாங்கும்போது உள்ளே களிமண் பூச்சு கனமாக இருக்கிறதா, அடியில் சாம்பல் வாய் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் தகர அடுப்பு ஒரு மழைக்காலத்துக்கே வராது. கரியைத் தூள் குறைவாக, துண்டாகப் பார்த்து வாங்குங்கள். பத்து கிலோவைப் பிளாஸ்டிக் சாக்கில் கட்டிப் பரணில் போட்டால் போதும். பற்றவைக்கப் பன்னாடையும் காய்ந்த பனை ஓலையும், அவசரத் தீக்குக் கொட்டாங்கச்சியும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஐப்பசிக்கு முன்னால் எடுத்துவைக்க வேண்டும், அவ்வளவுதான். நனைந்த மட்டையோடு மல்லுக்கட்டிய வீட்டுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

கேள்வி (தொண்டி வாசகர்): தாத்தா காலத்துப் பம்பு ஸ்டவ் பித்தளையில் இருக்கிறது. சரிசெய்து வைக்கவா?

பதில்: அலமாரியில் அழகுக்கு வையுங்கள். ரேஷன் மண்ணெண்ணெய் தேய்ந்துகொண்டே வருகிறது. படகுக்கு மானியத்தில் கொடுப்பதை அடுப்புக்குத் திருப்புவது தப்பு. கிடைக்கவில்லையே என்று பெட்ரோல் கலந்தால் ஸ்டவ் வெடிக்கும். வாஷருக்கும் பின்னுக்கும் அலைவதற்கு 5 கிலோ சிலிண்டர் வாங்கிவிடலாம்.

கேள்வி (பெரியபட்டினம் வாசகி): கேஸ் இரண்டு சிலிண்டர் இருக்கிறது, அடுப்பு எரியும். கரண்ட் போனால் எங்களுக்கு மாட்டிக்கொள்வது மாவும் தேங்காயும்தான். ஜெனரேட்டர் வாங்கலாமா?

பதில்: கேட்டீர்களே, இதைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். இன்வெர்ட்டர் கரண்டை அடுப்புக்கு வீணாக்காதீர்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். மேசைமேல் வைக்கும் இரண்டு லிட்டர் கிரைண்டருக்கு 150 வாட் அளவுதான் தேவை. அரை மணி நேரம் ஆட்டினாலும் 0.075 யூனிட். இண்டக்‌ஷனில் மூன்று நிமிடம் தீ எரிக்கிற கரண்டு இது. மிக்ஸி 750 வாட் என்றாலும் தேங்காய் அரைக்க இரண்டு நிமிடம். சைன் வேவ் (லைன் கரண்ட் போலவே சீரான அலையாகத் தரும்) இன்வெர்ட்டர் 1,000 விஏ இருந்தால் பெரும்பாலும் இழுத்துவிடும், அந்த நேரம் மற்றதையெல்லாம் அணைத்துவிடுங்கள். பழைய ஸ்கொயர் வேவ் வகையில் மோட்டார் உறுமும், சூடேறும், கிரைண்டரைப் போடாதீர்கள்.

ஜெனரேட்டர் தேவையில்லை. வீட்டு வாசலில் ஓட்டினாலும் புகை உள்ளே வரும், பெட்ரோலுக்கும் பங்கில் கரண்டு வேண்டும். அம்மிக்கல் இருந்தால் கழுவி வையுங்கள். கூண்டு ஏறின அன்று மாவு ஆட்டி வைக்காதீர்கள், ஃபிரிட்ஜ் நின்றால் மறுநாளே புளித்துப் பொங்கும். பருப்புப் பொடி, இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல், கருவாடு என்று ஃபிரிட்ஜ் கேட்காததை வையுங்கள்.

கேள்வி (மண்டபம் வாசகர்): கரண்ட் போய்த் திரும்பி வந்த நேரத்தில் ஐந்து மாதம் ஆன இண்டக்‌ஷன் அடுப்பு கருகிவிட்டது. வோல்டேஜ் கூடியதால் வாரண்டி இல்லை என்கிறது கடை. பில்லும் துண்டுச் சீட்டுதான், அதில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று அச்சடித்திருக்கிறது.

பதில்: முதலில் வாரண்டி அட்டையைப் படியுங்கள். வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தை விலக்கியிருந்தால் உங்கள் பக்கம் பலம் குறைவு. ஆனால் அதைக் கடைக்காரர் வாயால் சொன்னால் போதாது. கம்பெனி சர்வீஸ் ஆள் பார்த்து, எது கருகியது, எதனால் என்று எழுதித் தரட்டும். உப்புக்காற்றில் உள்ளே இருக்கும் சின்ன விசிறி துருப்பிடித்து நின்று, அதனால் சூடேறிக் கருகுவதும் உண்டு.

அந்த அச்சு வாசகத்துக்குப் பயப்பட வேண்டாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பது முறையற்ற வணிகம். முறையான பில் தராததும் அப்படியே. உங்களுக்கு 30 நாள் தாண்டிவிட்டதால் வாரண்டி வழிதான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள், தமிழிலேயே பேசலாம். பல கம்பெனிகள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வரும். வராவிட்டால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் மனு கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. துண்டுச் சீட்டையும், போன் வழியாகப் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவையும் இன்றைக்கே படம் எடுத்து வையுங்கள், அந்தச் சீட்டின் மை சீக்கிரம் மங்கிவிடும். அடுத்த அடுப்பு வாங்கினால் கரண்ட் போன உடனே பிளக்கை உருவிவிடுங்கள். வந்து பத்து நிமிடம் கழித்து, விளக்கு நிலையாக எரிகிறதா என்று பார்த்து மாட்டுங்கள்.