பதில்: காலை நேரச் சட்னியும் புளிக்கும் மாவும்

வணக்கம் சகோதரி. ஏழரைக்கே பள்ளி வேன் வந்துவிடுகிறது, சட்னிக்குத் தேங்காய் துருவுவதிலேயே நேரம் போகிறது, மாவும் சீக்கிரம் புளிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள்.

முதலில் தேங்காய். உடைத்த மூடிகளைச் சனிக்கிழமை இரவு ஃப்ரீசரில் வையுங்கள். காலையில் சற்று நேரம் வெளியே வைத்துக் கத்தியால் நெம்பினால் ஓட்டைவிட்டுக் கழன்று வரும். துண்டு போட்டு மிக்ஸியில் இரண்டு சுற்று சுற்றினால் துருவல் தயார். வேளைக்கு ஒரு டப்பா என்று பிரித்து உடனே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். சட்னி அரைக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுங்கள். சில்லென்ற தண்ணீர் ஊற்றினால் கொழுப்பு திரண்டு மிதக்கும்.

மாவு பொங்கியதும் சின்ன டப்பாக்களில் பிரித்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். அன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்தால் மீதி சீக்கிரம் புளிக்காது.

அப்புறம், சீருடை, ஷூ எல்லாம் இரவே எடுத்து வைப்பதை உங்கள் வீட்டுக்காரரிடம் விட்டுவிடுங்கள்.