கேள்வி – பதில்: வாயுவைப் பிடிக்கும் பாக்டீரியா

கேள்வி (உயிரியல் பட்ட வகுப்பு மாணவி): நீலப்பச்சைப் பாசி என்று சொல்லப்படும் சயனோபாக்டீரியா கரியமில வாயுவை எப்படிப் பிடிக்கிறது? அதற்கு உதவும் ரூபிஸ்கோ நொதி படு மந்தம் என்று படித்தேன். அந்த மந்தம்தான் அதன் வளர்ச்சிக்குத் தடையா?

பதில்: ரூபிஸ்கோவைத் திட்டாத பாடப்புத்தகம் இல்லை. திட்டு நியாயமானதுதான். செடியில் இருக்கும் ரூபிஸ்கோ வினாடிக்கு ஏறத்தாழ 3 மூலக்கூறுகளை மட்டுமே கையாளும். நம் ரத்தத்தில் உள்ள கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதியோ வினாடிக்குப் பத்து லட்சம் வரை போகும். மந்தம் போதாதென்று ரூபிஸ்கோவுக்கு ஆளும் தெரியாது; கரியமில வாயு என்று நினைத்து ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். அதனால் உண்டாகும் கழிவைச் சரிசெய்ய செல் தன் ஆற்றலைச் செலவழிக்க வேண்டும். இந்த நொதி உருவான காலத்தில் காற்றில் ஆக்சிஜன் அநேகமாக இல்லை, ஆகவே குழப்பத்துக்கும் இடமில்லை. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆக்சிஜனைக் காற்றில் நிரப்பியது யார்? இதே சயனோபாக்டீரியாதான். தன் வினைக்குத் தானே வழி தேட வேண்டியதாயிற்று.

அது தேடிய வழி அபாரம். நீரில் கரைந்த கரியமில வாயுவில் பெரும்பங்கு பைகார்பனேட்டாக மாறிவிடும். செல்லின் மேல்சவ்வில் உள்ள புரதங்கள் அந்தப் பைகார்பனேட்டை ஆற்றல் செலவழித்து உள்ளே இழுக்கின்றன. அதற்கு மின்னூட்டம் இருப்பதால் சவ்வின் வழியே எளிதில் வெளியேறாது. உள்ளே குவிந்துகொண்டே போகும். செல்லுக்குள் கார்பாக்சிசோம் என்ற புரதக் கூடு இருக்கிறது. இருபது முகங்கள், குறுக்களவு பெரும்பாலும் 100 முதல் 400 நானோமீட்டர். ரூபிஸ்கோ முழுவதும் இதற்குள் அடைபட்டிருக்கும், கூடவே கொஞ்சம் கார்பானிக் அன்ஹைட்ரேஸும். பைகார்பனேட் கூட்டுக்குள் நுழைந்ததும் அந்த அன்ஹைட்ரேஸால் அங்கேயே கரியமில வாயுவாக மாறி ரூபிஸ்கோவைச் சூழ்ந்துகொள்கிறது. இப்போது ஆக்சிஜனுக்கு வாய்ப்பு குறைவு. இந்தத் தைரியத்தில் சயனோபாக்டீரியாவின் ரூபிஸ்கோ ஆள் அடையாளத்தில் இன்னும் அசட்டையாகவும், வேகத்தில் வினாடிக்குப் பத்தைத் தாண்டியும் இருக்கிறது.

கூடு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் பிரைஸ், பேட்ஜர் இருவரும் 1989-இல் வெளியிட்ட சோதனையை வகுப்பில் எப்போதும் சொல்வேன். மனிதனின் கார்பானிக் அன்ஹைட்ரேஸை ஒரு சயனோபாக்டீரியாவுக்குள், கூட்டுக்கு வெளியே உருவாகும்படி செய்தார்கள். கூடுதல் நொதி நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் சேர்த்துவைத்த பைகார்பனேட் எல்லாம் கூட்டை அடையுமுன்பே வாயுவாகி, சவ்வின் வழியே வெளியே போய்விட்டது. ஓட்டைக் குடத்தில் நீர் சேந்தின கதை. கரியமில வாயுவை மிகுதியாகக் கொடுத்தால்தான் அந்தச் செல்கள் வளர்ந்தன.

சரி, தடை எது? என் கருத்தில், வாயுவைப் பிடிக்கும் வேலையை பாக்டீரியா எப்போதோ சமாளித்துவிட்டது. அது தவிப்பது மற்றவற்றுக்காக. ஆய்வகத்தில் சயனோபாக்டீரியாவை வளர்க்க நாங்கள் கலக்கும் பிஜி-11 கரைசலின் செய்முறையைப் பாருங்கள். லிட்டருக்கு சோடியம் நைட்ரேட் 1.5 கிராம், சோடியம் கார்பனேட் வெறும் 0.02 கிராம். கார்பன் காற்றிலிருந்து வந்துவிடும், தழைச்சத்தை நாம்தான் அள்ளிப் போட வேண்டும். கடலில் அள்ளிப் போட யார் இருக்கிறார்கள்? கடலின் நுண்பாசிகளில் 106 கார்பன் அணுக்களுக்குச் சராசரியாக 16 நைட்ரஜன், 1 பாஸ்பரஸ் இருக்கும். அந்த ஒற்றைப் பாஸ்பரஸ் கிடைக்காவிட்டால் 106 கார்பனும் எட்டாக்கனிதான். பல கடற்பகுதிகளில் இரும்புக்கே பஞ்சம். குடுவையில் இவை எல்லாவற்றையும் கொடுத்தாலும், பச்சை திக்கானதும் ஓரத்துச் செல்கள் வெளிச்சத்தைக் குடித்துவிட, நடுவில் இருப்பவை இருட்டில் கிடக்கும்.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர்): வெளிச்சமே எட்டாத ஆழ்கடலிலும் பாக்டீரியா கரியமில வாயுவை உண்கிறதாமே. ஆற்றல் எங்கிருந்து?

பதில்: ஹைட்ரஜன் சல்பைடு, அம்மோனியா, இரும்பு, ஹைட்ரஜன் வாயு போன்றவற்றை வேதிவினைக்கு உட்படுத்தி. 1880-களிலேயே ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி இப்படிப்பட்ட பாக்டீரியாவைக் கண்டறிந்தார். 1977-இல் காலாபகஸ் தீவுகளுக்கு அருகே கடலடி வெந்நீர் ஊற்றுகளைக் கண்டபோது, வாயும் குடலும் இல்லாத ராட்சதக் குழாய்ப்புழுக்கள் அங்கே வளர்ந்திருந்தன. அவற்றுக்குச் சோறு போடுவது உடலுக்குள் குடியிருக்கும் பாக்டீரியாதான். இந்த உயிர்களில் பல ரூபிஸ்கோவை நம்பி இல்லை. வேறு பல வேதிப்பாதைகள் உண்டு. சில பாதைகளில் செலவு மிகக் குறைவு, ஆனால் அவற்றின் நொதிகள் ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும்.

கேள்வி (பொறியாளர்): ஈ. கோலையையே கரியமில வாயு தின்ன வைத்துவிட்டார்கள் என்று படித்தேன். புவி வெப்பமாவதற்கு இது தீர்வாகாதா?

பதில்: செய்தித்தாள் தலைப்பை அப்படியே நம்பாதீர்கள். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ரான் மிலோ குழு 2019-இல் செய்தது உண்மையிலேயே பெரிய சாதனை. சர்க்கரை தின்று வாழும் குடல் பாக்டீரியாவான ஈ. கோலை, தன் உடல் கார்பன் முழுவதையும் கரியமில வாயுவிலிருந்து எடுக்கும்படி ஆயிற்று. ஆனால் ஆற்றலுக்கு அதற்கு ஃபார்மிக் அமிலத்தின் உப்பான ஃபார்மேட் கொடுக்க வேண்டும். ஃபார்மேட்டை உடைக்கும்போது வெளிவரும் கரியமில வாயு, அது பிடிப்பதைவிட அதிகம்! போதாக்குறைக்கு, சூழலில் 10 சதவீதம் கரியமில வாயு வேண்டும். காற்றில் இருப்பதோ 0.04 சதவீதம்தான். 20 நிமிடத்தில் இரட்டிக்கக்கூடிய உயிர், இரட்டிக்க 18 மணி நேரம் எடுத்துக்கொண்டது. அப்புறம் 2020-இல் வேறொரு குழு, ஒரு கந்தக பாக்டீரியாவின் கூட்டையும் பைகார்பனேட் ஏற்பாட்டையும் 20 மரபணுக்களாக ஈ. கோலைக்குள் வைத்தது. சாதாரணக் காற்றிலேயே வளர்ந்தது. அங்கும் ஆற்றலுக்கு வேறு உணவு தேவைப்பட்டது.

இன்னொன்று, பிடித்த கார்பன் எங்கே போகிறது என்பதையும் கேளுங்கள். கடலில் நுண்ணுயிர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை வைரஸ்கள் தினமும் கொல்வதாகக் கணக்கிடுகிறார்கள். உடைந்த செல்லை வேறு பாக்டீரியா தின்று மூச்சாக வெளிவிடும். ஆழத்துக்குப் போய்ப் பல நூறு ஆண்டுகள் தங்குவது சிறு பங்குதான்.

கேள்வி (இல்லத்தரசி): வீட்டுக்குள் ஒரு தொட்டியில் ஸ்பைருலினா என்ற நீலப்பச்சைப் பாசியை வளர்த்தால் அறைக் காற்று சுத்தமாகுமா?

பதில்: கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் நாளொன்றுக்கு வெளிவிடும் கரியமில வாயு சுமார் 1 கிலோ. உலர்ந்த பாசி 1 கிலோ உருவாக, ஏறத்தாழ 1.8 கிலோ வாயு செலவாகும். ஆக, ஒரே ஒருவரின் மூச்சுக்கு ஈடுகட்ட தினமும் அரைக்கிலோவுக்கும் மேல் உலர்பாசி விளைய வேண்டும். லிட்டருக்கு நாளுக்கு அரை கிராம் கிடைத்தாலே நல்ல விளைச்சல் என்பேன். அப்படிப் பார்த்தால் ஆளுக்கு ஆயிரம் லிட்டருக்கு மேல் தொட்டி, அதற்குத் தக்க வெளிச்சம், பம்பு எல்லாம் வேண்டும். விளைந்ததைத் தின்றாலும் சரி, அழுக விட்டாலும் சரி, வாயு திரும்ப வந்துவிடும். அழகுக்காக வளர்ப்பதானால் தாராளமாக வளருங்கள். காற்றுக்கு ஜன்னலைத் திறந்து வையுங்கள்.