வாசகர் கேள்வி – பதில்: கொட்டையிலிருந்து களிம்பு

கேள்வி: பழச்சாறு ஆலைகள் ஒதுக்கித் தள்ளும் கொட்டைகளையும் விதைகளையும் கொண்டு தோலில் பூசும் மருந்துகள் செய்யலாம் என்று படித்தேன். அவற்றில் உண்மையிலேயே மருந்து இருக்கிறதா?

பதில்: இருக்கிறது, ஆனால், அவை நிச்சயமாகக் கைகொடுப்பது வேறொரு வேலைக்கு. பெரும்பாலான களிம்புகளில் மருந்துப்பொருள் சிறு பங்குதான். மிச்சமெல்லாம் அதைத் தாங்கித் தோலில் பரப்பும் கொழுப்பும் மெழுகுமே. மாங்கொட்டைப் பருப்பிலிருந்து எடுக்கும் கொழுப்பில் ஸ்டியரிக், ஒலியிக் அமிலங்கள் மிகுதி. மிதமான அறை வெப்பத்தில் கட்டியாக நிற்கும் அது, உடற்சூட்டை ஒட்டிய வெப்பத்தில் இளகுவதால், விரலில் எடுக்கும்போது உறைந்திருந்தாலும் தேய்த்ததும் உருகிப் படர்ந்து, சருமத்தின் ஈரம் ஆவியாகிப் போவதைக் குறைக்கிறது. கொக்கோ வெண்ணெய்க்கு மாற்றாக இதைக் கருதுவதும் அதனால்தான். திராட்சை விதை எண்ணெய் லினோலியிக் அமிலம் நிறைந்தது, பிசுபிசுப்புக் குறைந்தது. ஆனால் எளிதில் காறிவிடும். அவ்விதைக்குப் பெயர் வாங்கித் தந்த ஆக்சிஜனேற்றத் தடுப்பான்களோ நீரிலும் ஆல்கஹாலிலும் கரைபவை என்பதால், எண்ணெயைப் பிழியும்போது பெரும்பாலும் பிண்ணாக்கிலேயே தங்கிவிடுகின்றன. எண்ணெய்ப் புட்டியின் மேல் அவற்றின் பெயரைப் பெரிதாக அச்சிடுவது எனக்கு வேடிக்கையாகவே படுகிறது.

இதில் உண்மையான சிக்கல் விதையைவிட அது கிடக்கும் இடம்தான். சதை ஒட்டிய ஈரத்தோடு கொட்டைகளைக் குவித்து வைத்தால், பருப்பிலுள்ள நொதிகள் கொழுப்பைச் சிதைக்கத் தொடங்கும்; பூஞ்சையும் பிடிக்கும். அப்படிக் கெட்ட பருப்பிலிருந்து எடுத்த கொழுப்பு சருமத்தில் எரிச்சலைத்தான் தரும். எனவே, மருந்துக்கென்றால் கழிவாகக் கொட்டாமல், பழத்திலிருந்து பிரித்த உடனேயே கழுவி உலர்த்த வேண்டும்.

கேள்வி: அப்படியானால் பப்பாளி விதையையோ ஆப்ரிகாட் பருப்பையோ வீட்டிலேயே அரைத்துப் புண்ணில் பூசலாமா?

பதில்: வேண்டாம். பப்பாளி விதையை நசுக்கும்போது பென்சைல் ஐசோதயோசயனேட் என்னும் காரப்பொருள் உருவாகிறது; ஆய்வகத் தட்டில் கிருமிகளைத் தடுக்கும் அதே காரம் சருமத்தையும் புண்ணாக்கக்கூடும். தவிர, வீட்டில் அரைத்த விழுதில் அது எவ்வளவு இருக்கிறதென்று அளக்க வழியில்லை. அரைத்த விழுது கிருமி நீக்கியதும் அன்று. கசப்பு ஆப்ரிகாட் பருப்பில் அமிக்டலின் உண்டு. நீர் சேர்த்து அரைத்தால் அது சிதைந்து ஹைட்ரஜன் சயனைடு என்னும் நஞ்சு வெளிப்படும். சுத்திகரித்த ஆப்ரிகாட் எண்ணெயில் இந்த அபாயம் கிட்டத்தட்ட இல்லை. களிம்புகளில் பொதுவாகச் சேர்ப்பது அந்த எண்ணெயைத்தான், அரைத்த பருப்பை அல்ல.