இடுப்பில் ஒரு பக்கம் மட்டும் வலி: கிட்னியா?

கேள்வி: வயது 41. பாலக்கோடு தக்காளி மண்டியில் கிரேட் (தக்காளிப் பெட்டி) இறக்கும் வேலை. எட்டு மாதமாக வலது இடுப்பில் மட்டும் வலி. குனிந்தாலும் படுக்கையில் புரண்டாலும் கூடுகிறது. ஸ்கேனில் 3 மி.மீ. கல் இருக்கிறதாம். சிறுநீர் மஞ்சளாகப் போகிறது. நெட்டில் பார்த்தால் கிட்னி செயலிழப்பு என்று வருகிறது. மெடிக்கலில் வாங்கும் டைக்ளோஃபினாக் வலி மாத்திரையில்தான் நாள் ஓடுகிறது.

பதில்: கிட்னி செயலிழக்கும்போது பெரும்பாலும் வலியே இருக்காது. கல் வலி விலாவுக்குக் கீழே கிளம்பி அலை அலையாக அடிவயிறு வரை இறங்கும். வாந்தி வரும், ஓரிடத்தில் உட்கார விடாது. புரண்டால் கூடும் வலி அதுவல்ல. 3 மி.மீ. கல்லை விட்டுத்தள்ளுங்கள். மஞ்சளுக்குப் பெரும்பாலும் தண்ணீர் போதாததே காரணம். நிறையக் குடியுங்கள்; ஃபுளோரைடு கலந்த போர் தண்ணீர் வேண்டாம், ஒகேனக்கல் குடிநீராக இருக்கட்டும்.

உங்கள் கிட்னிக்கு உண்மையான ஆபத்து அந்த மாத்திரைதான். எட்டு மாதம் யாரைக் கேட்டுப் போட்டீர்கள்? இன்றே நிறுத்திவிட்டு, கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையும் ரத்த அழுத்தமும் பாருங்கள்.

வலிக்கும் இடத்தை ஒரு விரலால் தொடுங்கள். பெல்ட் கோட்டுக்குக் கீழே, புட்டத்துக்கு மேலே குழி விழும் இடமென்றால், முதுகெலும்பின் அடியும் இடுப்பெலும்பும் சேரும் மூட்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பாரத்தோடு ஒரே பக்கமாக இடுப்பைத் திருப்பித் திருப்பி இறக்கினால் அந்த மூட்டு தாங்காது. கிரேட்டை வயிற்றோடு அணைத்துத் தூக்குங்கள். இடுப்பை முறுக்காமல் பாதத்தை எடுத்து வைத்துத் திரும்புங்கள். காலை, மாலை மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, புட்டத்தை மட்டும் உயர்த்தி ஐந்து எண்ணும் வரை நிறுத்துங்கள், பத்து முறை. ஆறு வாரத்தில் குறையாவிட்டால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். படுத்தே கிடந்தால் இறுக்கம்தான் கூடும்.

பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப்போவது, சிறுநீர் முட்டியும் வராமல் நிற்பது அல்லது தெரியாமலே போய்விடுவது, குதிகாலில் நடக்கும்போது பாதம் தொங்குவது. இதில் ஒன்று வந்தாலும், நடுராத்திரியானாலும் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். முதுகுத்தண்டின் அடியில் நரம்புக் கற்றை நசுங்கிக்கொண்டிருக்கலாம். தாமதித்தால் சிறுநீரை அடக்கும் சக்தி திரும்பாமலே போகலாம். அங்கே போனதும் முதலில் மரத்துப்போனதையும் சிறுநீர்ப் பிரச்சினையையும் சொல்லுங்கள். வெறும் இடுப்பு வலி என்றால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள்.